குமுளியில் வாங்கிய சீனச் சாமந்தி டீ: இரண்டு பொட்டலங்கள், இரண்டு அனுபவங்கள்

குமுளி கடைத்தெருவில் ஏலக்காயும் மிளகும் கிராம்பும் விற்கும் கடைகளுக்குக் குறைவே இல்லை. தேக்கடிக்கு வரும் சுற்றுலாப் பயணிகளை நம்பி நடக்கும் அந்தக் கடைகளில், சில ஆண்டுகளாக, ஜாதிபத்திரிக்கும் அன்னாசிப்பூவுக்கும் பக்கத்தில் உலர்ந்த வெள்ளைப் பூக்கள் நிரப்பிய கண்ணாடிப் புட்டிகளும் இடம்பிடித்திருக்கின்றன. 'சீனச் சாமந்தி டீ, கண்ணுக்கு நல்லது' என்று அட்டையில் எழுதி ஒட்டியிருப்பார்கள். கடந்த 8 மாதங்களில் இரண்டு கடைகளில் இரண்டு பொட்டலங்கள் வாங்கி, இரண்டையும் கடைசிப் பூ வரை குடித்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். ஒன்று பணத்துக்குக் கேடு. மற்றொன்றை, சில எச்சரிக்கைகளோடு, மனமாரப் பரிந்துரைப்பேன்.

வண்டிப்பெரியாறு பக்கத்து எஸ்டேட் ஃபேக்டரி ஒன்றில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து, இப்போது மலைக்குக் கீழே கம்பத்தில் இருக்கிறேன். பச்சைக் கொழுந்து வந்து இறங்குவது முதல் தூள் மூட்டையில் ஏறுவது வரை ஒவ்வொரு கட்டத்திலும் மூக்கையும் நாக்கையும் வைத்தே பிழைத்தவன் என்பதால், எந்தக் கஷாயத்தையும் முதலில் நிறம், மணம், வாயில் நிற்கும் சுவை என்றுதான் பார்ப்பேன். அதன் மருத்துவ குணத்தைப் பற்றிய பேச்சு பிறகுதான்.

எங்கள் தமிழக-கேரள எல்லைப் பகுதியில் ஒரே கிளாஸுக்கு இரண்டு பெயர்கள். மலைக்கு மேலே அது சாயா, கீழே இறங்கினால் டீ. இரண்டுமே சீனத்திலிருந்து வந்த சொற்கள். அந்நாட்டின் பெரும்பகுதி 'சா' என்று சொல்வதை, தென்கிழக்குக் கரையிலுள்ள ஃபூஜியன் மக்கள் 'தே' என்கிறார்கள், அந்தத் 'தே'தான் நம் தேயிலையிலும் இருக்கிறது. ஆனால் இந்தச் சாமந்தி டீயில் தேயிலை கிடையாது. சீனர்கள் 'ஜூஹுவா சா' என்று அழைக்கும் இது, முழுக்க முழுக்கப் பூவை வெந்நீரில் ஊறவைத்த சாறு. காஃபீன் என்பதே இதில் இல்லை, பால் சேர்க்கவும் முடியாது. டீக்குப் பதிலாகக் குடிக்கலாம் என்று எதிர்பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள். மலையாள ஹோட்டல்களில் சாப்பாட்டுக்கு முன் இளஞ்சிவப்பு நிறத்தில் வெதுவெதுப்பாக ஊற்றுகிற பதிமுகத் தண்ணீரின் தூரத்து உறவு என்று நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

முதல் பொட்டலத்தைப் பெரிய கடை ஒன்றில், 50 கிராம் 320 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பூக்கள் பளிச்சென்று, சலவைக்குப் போட்டு எடுத்தவைபோல் வெளுத்திருந்தன. வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்ததும், தீக்குச்சியை உரசியவுடன் வருமே, அந்த நெடி லேசாக அடித்தது. வெந்நீரில் போட்டபோது நெடி கூடியது; குடித்தால் நாக்கின் இரு ஓரங்களிலும் புளிப்பு, தொண்டையில் கரகரப்பு. கந்தகப் புகை காட்டி உலர்த்திய பூ என்பதில் எனக்கு ஐயமில்லை. பூச்சி வராமலும் நிறம் மங்காமலும் இருப்பதற்காகச் சீனத்தில் உலர்பூக்களுக்கும் மூலிகைகளுக்கும் கந்தகப் புகை காட்டுகிற வழக்கம் நெடுநாளாக இருக்கிறது. அப்படிச் செய்த பூவில் தங்கும் கந்தக டை ஆக்சைடு ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சிரைப்பைக் கிளப்பக்கூடியது. நம் ஊரில் வெல்லம் மஞ்சளாக வெளுத்திருந்தால் சந்தேகப்பட்டு, கறுத்த உருண்டையைத் தேடி எடுக்கிறோம் அல்லவா, அதே கண்ணோடுதான் இந்தப் பூவையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

திரும்பப் போய்க் கேட்டபோது கடைக்காரர் சண்டைக்கு வரவில்லை. "வெள்ளையா இருந்தாத்தான் அண்ணாச்சி டூரிஸ்ட் வாங்கும். நெறம் கொறஞ்சா பழசுன்னு நெனைக்கும்" என்றார். அவர் சொன்னது அவருடைய வியாபாரத்துக்கு உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்தப் பொட்டலத்தில் இறக்குமதி செய்தவரின் பெயரோ, உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணோ, எந்த ஊர்ப் பூ என்ற தகவலோ இல்லை. வாயில் போடுகிற பொருளை அப்படி விற்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பணம் திரும்பவில்லை, மீதிப் பூக்களை, நெடி போகட்டும் என்று ஒரு முறை வெந்நீரில் அலசி, அந்த நீரைக் கொட்டிவிட்டு, மறுபடி ஊறவைத்துக் குடித்துப் பார்த்தேன். புளிப்பு குறைந்தது, மணமும் அதோடு போய்விட்டது.

இரண்டாவது பொட்டலம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், தமிழ் அம்மா ஒருவர் நடத்தும் சிறிய கடையில் கிடைத்தது. 50 கிராம் 450 ரூபாய். விலையைக் கேட்டு நான் தயங்கியதும், "மூடியத் தெறந்து மோந்து பாருங்கண்ணே, புடிச்சா வாங்குங்க" என்று புட்டியை நீட்டினார். தேனும் காய்ந்த புல்லும் கலந்ததுபோல் மணம். நெடி துளியும் இல்லை. இதழ்கள் பாலேட்டு நிறத்தில், ஓரங்களில் சற்றே பழுப்பேறி இருந்தன. நடுவிலுள்ள மஞ்சள் மொட்டு உதிராமல் முழுதாக இருந்தது. உறையில் ஜெஜியாங் மாகாணம், டோங்ஷியாங் என்று ஊர்ப்பெயரும், இறக்குமதியாளரின் முகவரியும், உரிம எண்ணும், பொதிந்த தேதியும் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தன.

டோங்ஷியாங் என்ற பெயருக்குப் பொருள் உண்டு. ஹாங்ஜோ வெள்ளைச் சாமந்தி என்று உலகம் அறிந்த வகைக்கு அந்த ஊர்தான் தலைமையிடம். அண்டை மாகாணமான ஆன்ஹுயில் ஹுவாங்ஷான் மலைப்பகுதியின் 'கோங்ஜூ', போஜோவின் 'போஜூ', சூஜோவின் 'சூஜூ' என்று வேறு மூன்று புகழ்பெற்ற வகைகள் உண்டு. ஒவ்வோர் ஊரும் பூவை ஒவ்வொரு விதமாகப் பதப்படுத்துகிறது. போஜூவை நிழலில் உலர்த்துகிறார்கள். கோங்ஜூவை அனல் காட்டி உலர்த்துகிறார்கள். ஹாங்ஜோ வகையை மட்டும், அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் பறித்து, முதலில் ஆவியில் வேகவைத்துப் பிறகு வெயிலில் காயப்போடுகிறார்கள். தேயிலைக்காரனுக்கு இதன் காரணம் உடனே விளங்கும். பச்சைத் தேநீருக்கு எடுக்கும் கொழுந்துக்கு ஆவி காட்டினால் அதிலுள்ள நொதிகள் அடங்கி, இலை கறுத்துப்போகாமல் இருக்கிறது. அதே வித்தைதான் இங்கே பூவுக்கு. ஆவியில் வெந்ததால்தான் இந்தப் பூ சற்றே தட்டையாக, ஒன்றோடொன்று ஒட்டியதுபோல் வருகிறது. கையில் எடுத்தால் பொடியாக உதிராமல் தோல்போல் வளையும். உதிர்ந்த இதழும் தூளுமாக இருக்கும் புட்டியை வாங்க வேண்டாம்.

போடும் முறையில் நான் பலவிதமாக முயன்று, கடைசியில் ஒன்றில் நின்றிருக்கிறேன். ஒரு கண்ணாடிக் கிளாஸில் 5 பூக்கள், கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி ஒரு நிமிடம் ஆறவிட்டு 200 மில்லி ஊற்றி, ஒரு தட்டால் மூடி 4 நிமிடம். பூக்கள் முதலில் மிதக்கும். ஒரு நிமிடத்தில் நடுமொட்டு நீர் குடித்துக் கனத்து, பூ மெல்லச் சாய்ந்து, இதழ்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் மடிந்து விரியும். காய்ந்து சுருண்டிருந்தது பறித்த அன்றைய உருவத்துக்குத் திரும்புவதைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். நீர் புதுவைக்கோல் நிறத்துக்கு வரும். தட்டைத் தூக்கியதும் எழும் மணம் என்னை நேராக ஃபேக்டரியின் வாட்டுத் தொட்டிக்கே கொண்டுபோயிற்று: இரவெல்லாம் காற்றில் வாடிய கொழுந்து விடியற்காலையில் பழவாடையும் பூவாடையுமாக ஒரு மணம் விடுமே, அதன் தங்கை என்று சொல்லத்தக்க மணம்.

சுவை முதலில் இனிப்பு. சர்க்கரை சேர்க்காமலே நுனிநாக்கில் தெரியும் இனிப்பு. விழுங்கிய பிறகு கடைவாயில், வேப்பம்பூ ரசம் குடித்தால் நிற்குமே, அதில் பாதியளவுக் கசப்பு சிறிது நேரம் தங்கும். 5 நிமிடத்துக்கு மேல் ஊறவிட்டால் கசப்பு முன்னால் வந்துவிடும். அதே பூக்களில் மீண்டும் வெந்நீர் ஊற்றிக் குடிக்கும் இரண்டாவது கிளாஸ்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அதில் இனிப்பும் மணமும் கசப்பும் சரியாக அமைந்திருக்கும். மூன்றாவது கிளாஸ் மெலிந்துவிடும், ஆனாலும் வெறும் வெந்நீரைவிட மேல். தேன் விட்டால் பூவின் இனிப்பு அதில் மறைந்துபோகிறது. பனங்கற்கண்டு ஒரு சிறு துண்டு போடலாம். சீனர்களும் பாறைச் சர்க்கரை போட்டுக் குடிக்கிறார்கள்.

இனி, உறையின் பின்பக்கம் அச்சிட்டிருந்த மருத்துவ குணங்களுக்கு வருகிறேன். கண்பார்வை, ரத்த அழுத்தம், கொழுப்பு, ஈரல், தூக்கம், தலைவலி, புற்றுநோய்த் தடுப்பு என்று ஏழு நோய்கள் வரிசையாக இருந்தன. நல்ல பூவை விற்கிறவர் இப்படி அச்சிட்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது.

சீன மருத்துவம் இந்தப் பூவைப் பற்றி என்ன சொல்கிறது என்பதைத் தனியாகவும், இன்றைய ஆராய்ச்சி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைத் தனியாகவும் பார்க்க வேண்டும். ஷென்னோங் என்ற பழம்பெரும் முன்னோரின் பெயரால் வழங்கும் சீன மருந்து நூல், 365 மருந்துச் சரக்குகளை மூன்று தரமாகப் பிரித்து, சாமந்தியை நெடுநாள் உட்கொள்ளத்தக்க மேல்தரத்தில் வைத்திருக்கிறது. அவர்களுடைய கணக்கில் இது சற்றே குளிர்ச்சியான பொருள். இனிப்பும் கசப்பும் உடையது. உடம்பில் ஏறிய சூட்டை இறக்கும். ஈரலின் சூடுதான் கண்ணில் சிவப்பாகவும் எரிச்சலாகவும் தலையில் பாரமாகவும் வெளிப்படுகிறது என்று அவர்கள் கொள்வதால், கண்ணுக்கு இதைக் கொடுக்கிறார்கள். சளிக்காய்ச்சலின் தொடக்கத்துக்குக் கசப்பு மிகுந்த மஞ்சள் பூவும், கண்ணுக்கு வெள்ளைப் பூவும் ஏற்றது என்பது மரபு. 'உடம்பு சூடாகிவிட்டது' என்று சொல்லி எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற, வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கிற நமக்கு இந்தப் பேச்சு அந்நியமாகத் தோன்றாது. குவாங்டோங் மாகாணத்தில் இதற்கென்றே 'லியாங்சா', அதாவது குளிர்ச்சித் தேநீர், விற்கும் கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. 2006இல் சீன அரசு அதைத் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் மிகப் பழைய பெயரான வாங் லாவ்ஜி 1828இல் தொடங்கியது. அதன் கலவையில் இந்தச் சாமந்தியோடு நமக்கு நன்கு பழக்கமான அதிமதுரமும் சேர்கிறது.

அறிவியல் பக்கம் பார்த்தால், இந்தப் பூவில் லூட்டியோலின், ஏபிஜெனின் போன்ற ஃபிளேவனாய்டு என்னும் தாவரச் சேர்மங்களும் குளோரோஜெனிக் அமிலமும் இருப்பது உறுதி. சோதனைக் குழாயிலும் எலிகளிடத்திலும் அவை வீக்கத்தைத் தணிப்பதாகக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் ஒரு கிளாஸ் பூத்தண்ணீர் குடித்த மனிதருக்கு ரத்த அழுத்தம் குறையும், பார்வை கூடும் என்று நம்பிச் சொல்லத்தக்க பெரிய மருத்துவச் சோதனைகள் நம்மிடம் இல்லை. புற்றுநோய் என்ற சொல் அந்த உறையில் இருக்கவே கூடாது.

நான் இதை வலியுறுத்துவதற்கு வீட்டுக்குள்ளேயே காரணம் இருக்கிறது. கூடலூரில் இருக்கும் என் அக்காவுக்கு 66 வயது. பல ஆண்டுகளாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். நான் ஆசையாகக் கொடுத்தனுப்பிய இந்தப் பூவின் உறையில் 'ரத்த அழுத்தத்தைச் சீராக்கும்' என்று படித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் நான்கு நாள் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். ஐந்தாம் நாள் தலை கனக்கிறது என்று போனில் சொன்னபோதுதான் விஷயம் தெரிந்தது. பக்கத்தில் அளந்து பார்த்ததில் 170க்கு 100. "பூதானடா, பூ என்ன செய்யும்னு நெனச்சேன்" என்றார். பூ ஒன்றும் செய்யவில்லை. மாத்திரை நின்றதுதான் செய்தது. அன்றே மருத்துவரிடம் அழைத்துப்போனோம், ஒரு வாரத்தில் பழைய நிலைக்கு வந்தார். இப்போது மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் மாலையில் ஒரு கிளாஸ் குடிக்கிறார். யாருக்காவது இதை வாங்கிக் கொடுப்பதாக இருந்தால், பின்பக்கத்து வரிகளை நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது என்று வாய்திறந்து சொல்லிக் கொடுங்கள்.

குடிக்கவே கூடாதவர்களும் உண்டு. நம் வயல் வரப்பெல்லாம் மண்டிக்கிடக்கும் பார்த்தீனியத்தால் தோலில் அரிப்பும் தடிப்பும் வருகிறவர்கள் இந்தப் பக்கம் ஏராளம். பார்த்தீனியமும் சாமந்தியும் ஒரே குடும்பத்துச் செடிகள். ஒன்று ஒத்துக்கொள்ளாத உடம்புக்கு மற்றொன்றும் ஒத்துக்கொள்ளாமல் போவதைத் தோல் மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். அப்படிப்பட்டவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். சில கடைகளில் இதோடு சிவப்பாகக் காய்ந்த கோஜி பழத்தையும் சேர்த்து விற்கிறார்கள்; கண்ணுக்கு இரண்டையும் சேர்ப்பது சீன வழக்கம்தான். ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு கோஜி அந்த மருந்தின் வேகத்தைக் கூட்டி, ரத்தக்கசிவு வரை கொண்டுபோயிருக்கிறது. இதய வால்வு மாற்றியவர்கள் வீட்டில் இருந்தால் அந்தக் கலவையை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

எனக்கு இதனால் என்ன நன்மை என்று கேட்டால், தூக்கம் என்பேன். எஸ்டேட் பழக்கத்தில் இரவு 8 மணிக்கு ஒரு கிளாஸ் கடுஞ்சாயா குடிக்காமல் எனக்கு நாள் முடியாது. அதில் 30 முதல் 60 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கும் என்பது தெரிந்தும் விடமுடியவில்லை. கையில் சூடான கிளாஸ் வேண்டும், மூக்குக்கு மணம் வேண்டும், அவ்வளவுதான் அந்தப் பழக்கம். அந்த இடத்தை இந்தப் பூ நிரப்பியது. 12 மணிவரை புரண்டுகொண்டிருந்தவன் பத்தரைக்குத் தூங்குகிறேன். இதைப் பூவின் மருத்துவ குணம் என்று நான் சொல்லமாட்டேன். சாயா நின்றதன் பலன். கண்ணெரிச்சலும் குறைந்ததுபோல் இருக்கிறது. ஆனால் அந்தக் கால் மணிநேரம் செல்போனைக் கீழே வைத்துவிட்டு, ஆவியில் முகத்தைக் காட்டிக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதற்கும் அதில் பங்கு உண்டு.

இதைப் படித்துவிட்டு, சீலையம்பட்டிப் பூ மார்க்கெட்டிலோ தோவாளையிலோ கிலோ கணக்கில் கிடைக்கும் நம் சாமந்தியை வாங்கிக் காயப்போட்டால் என்ன என்று பலர் கேட்பார்கள். என் மனைவியே கேட்டாள். தயவுசெய்து வேண்டாம். மாலைக்கும் ஓணத்து அத்தப்பூக் கோலத்துக்கும் வளர்க்கிற பூ அது. பூச்சியும் பூஞ்சையும் வராமல் இருக்கப் பூக்கிற நாள்வரை மருந்தடிப்பார்கள். உண்பதற்கு என்று யாரும் அதை வளர்ப்பதில்லை, வகையும் வேறு. வீட்டுத் தொட்டியில் மருந்தில்லாமல் வளர்த்தாலும் இந்த மணம் வராது.

வேறு இரண்டு சரக்குகளையும் சாமந்தி என்ற பெயரில் விற்கிறார்கள். 'பனிச் சாமந்தி' என்று சொல்லி, வெந்நீரில் போட்டதும் ரத்தச் சிவப்பாகச் சாறு இறங்கும் சிறு பூ ஒன்று வருகிறது. அது கோரியாப்சிஸ் என்ற வேறொரு செடியின் பூ. கெட்டது என்று சொல்லவில்லை, ஆனால் கேட்டது வேறு, கிடைப்பது வேறு. சிங்கப்பூரிலிருந்து உறவினர்கள் கொண்டுவரும் குருணைப் பொட்டலம் மற்றொன்று. அதில் பெரும்பகுதி சர்க்கரைதான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் 'மூலிகை' என்ற சொல்லை நம்பி அதைக் கரைத்துக் குடிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

விலையைப் பற்றி: 5 பூக்கள் ஏறத்தாழ ஒன்றரை கிராம் வருகிறது. 50 கிராமுக்கு 33 முறை போடலாம் என்று வைத்தால், ஒரு முறைக்கு 14 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. அதில் மூன்று கிளாஸ் கிடைப்பதால், கடையில் நின்று குடிக்கும் ஒரு டீயின் விலையைவிட இது அதிகம் இல்லை. மலிவானதை 320க்கு வாங்கி, மீதியை அலசி மணமில்லாமல் குடித்ததோடு ஒப்பிட்டால் 450 எனக்கு உறுத்தவில்லை.

பத்திரப்படுத்துவதில்தான் கவனம் வேண்டும். ஆவியில் வெந்து காய்ந்த பூ ஈரத்தைச் சட்டென்று இழுக்கும், கந்தகம் இல்லாத நல்ல பூவுக்குப் பூச்சியும் சீக்கிரம் வரும். இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் நான் அலமாரியில் வைத்திருந்த கால் பங்கு மூன்றே வாரத்தில் நமத்துப்போய், வாசம் குன்றிவிட்டது. மீதியை எவர்சில்வர் சம்படத்தில் போட்டு இறுக மூடி, ஃபிரிட்ஜில் வைத்த பிறகு கடைசிவரை கெடவில்லை. எங்களைப்போல் மலையடிவாரத்தில் இருக்கிறவர்கள் மழைக்காலத்தில் 50 கிராமுக்கு மேல் வாங்க வேண்டாம். அந்த அம்மாவின் கடையில் 25 கிராமும் தனியாக நிறுத்துக் கொடுக்கிறார்கள். இந்த முறை நான் அதைத்தான் வாங்கி வந்திருக்கிறேன்.